இரண்டு சாமிகளும் ஒரு பிக்கப்பும்

தருவைகுளத்து அம்புரோஸ் அந்தப் பிக்கப்பின் சாவியைச் சுடலைக்கண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாராம். வண்டிக்காகப் போட்டாரா, வாங்கினவருக்காகப் போட்டாரா, விட்டது சனியன் என்று போட்டாரா, தெரியாது. பதினெட்டு வருஷம் கருவாடு சுமந்த வண்டி. கயிறு கட்டி அதை எங்கள் தெருவுக்குள் இழுத்து வந்த அன்றைக்கு, பின்னாலேயே நாலு வீட்டுப் பூனைகளும் ஊர்வலமாக வந்தன.

சுடலைக்கண்ணன் உடன்குடிக்காரர். இங்கே தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். ஒரு கருப்பட்டியை உடைத்து மூக்கருகில் கொண்டுபோனால், எந்தப் பனைவிளையில் காய்ச்சியது என்று சொல்லிவிடுவார். அது வேறு. ஸ்பேனர் வேறு. "மெக்கானிக் பூராவும் ஏமாத்துப் பயலுவ, நானே பாத்துக்கிடுதேன்" என்று செல்போனில் வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்தார். அவர் கையில் ஒரு நட்டு கழன்றால் வீடியோவில் இருக்கிறவன் இன்ஜினையே கழற்றி மாட்டி முடித்திருப்பான். 'ர்' போட்டுப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். குலசை தசராவுக்கு மாலை போட்டிருக்கிறார். மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும் 'ர்'. அப்புறம் பார்ப்போம்.

அவருக்குப் பக்கத்து வீடு பேச்சிமுத்து. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மாலை போட்டிருக்கிறார். ஆக, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சாமி, அந்தப் பக்கம் ஒரு சாமி. இரண்டு சாமிகளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

பேச்சு கிடையாது என்றால் நேருக்கு நேர் கிடையாது. ஜாடைப் பேச்சுக்குக் குறைவே இல்லை. பேச்சிமுத்துவிடம் கேப்டன் என்று ஒரு நாய் உண்டு. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த நாயைப் பார்த்துத்தான் சொல்லுவார். சுடலைக்கண்ணனுக்கு நாய் இல்லாததால் கையில் இருக்கிற சாமானிடம் பதில் சொல்லுவார்.

"ஏலே கேப்டன், நட்டை எந்தப் பக்கம் திருகுனா கழலும்னு தெரியுமாலே ஒனக்கு? நீ நாயி. ஒனக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

"ஏ ஜாக்கி, துறைமுகத்துல கப்பலையே தூக்குன கையாம். இப்ப நாய்க்குச் சோறு வைக்கதுக்கு மட்டும்தான் தூக்குது. கேட்டியா?"

நாய் வாலை ஆட்டும். ஜாக்கி சும்மா இருக்கும். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற எனக்கு ஒரு வாளித் துணி காயப்போட இரண்டு மணி நேரம் ஆகும்.

இவ்வளவு பகைக்கும் காரணம் ஒரு கிரீடம்.

எங்கள் பகுதியில் தசரா செட் ஒன்று இருக்கிறது. கொடியேறின அன்றைக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் கடற்கரைக்குப் போய்ச் சேருவார்கள். செட்டில் குறத்தி உண்டு, கரடி உண்டு, போலீஸ் உண்டு, ஆளுக்கொன்று. காளி மட்டும் ஒன்றே ஒன்று. அந்தக் காளிக் கிரீடம் பதினொரு வருஷமாகப் பேச்சிமுத்து தலையில்தான் இருந்தது. முத்தாரம்மனே நேரில் வந்து கேட்டாலும் கழற்றிக் கொடுக்க யோசிப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுடலைக்கண்ணனின் மனைவி இந்துமதி காய்ச்சலில் விழுந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். ஏழாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் நேர்ந்துகொண்டார். "அம்மா, இவளை எழுப்பிக் குடு. மூணு தசராவுக்குள்ள, நம்ம செட்டுலயே காளியா வந்து ஒன் முன்னால நிக்கேன்." தனியாக வேஷம் போட்டுப் போகிறவர்களும் உண்டுதான். ஆனால் 'நம்ம செட்டுல' என்று வாய்விட்டுவிட்டாரே, இனி மாற்ற முடியுமா? முதல் வருஷம் செட்டில் கேட்டார். பேச்சிமுத்து அத்தனை பேர் முன்னாலும் சிரித்துவிட்டு, "கருப்பட்டி மூட்டைக்கெல்லாம் காளி வேஷமா?" என்று கேட்டார். சுடலைக்கண்ணன் கொஞ்சம் பருத்த உடம்பு. அன்றைக்கு நின்றது பேச்சு. இரண்டாம் வருஷமும் கிடைக்கவில்லை.

இது மூன்றாவது வருஷம். விட்டால் நேர்ச்சை தவறிப் போகும். அவர் பயம் தனக்காக இல்லை. இந்துமதி லேசாகத் தும்மினாலே முகம் வெளுத்துவிடுகிறது அவருக்கு. அதனால்தான் இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்து, "செட்டுக்கு வண்டி நான் தாரேன். வேஷத்தை எனக்குத் தாங்க" என்றார். வாடகை வண்டிக்காரன் போன வருஷம் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போன கடுப்பில் எல்லோரும் சரி என்றார்கள். கிரீடம் இவருக்கு என்று முடிவானது. பேச்சிமுத்துவுக்குப் போலீஸ் வேஷம். ஒரு தொப்பி, ஒரு பிளாஸ்டிக் லத்தி.

செட்டுத் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி மட்டும் வண்டியை வந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். புதன்கிழமை கொடியேற்றம். அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வண்டி ஸ்டார்ட் ஆகித் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாக வேண்டும். "இல்லன்னா வாடகை வண்டிதான். கிரீடமும் பழையபடி பேச்சிமுத்துச் சாமிக்குத்தான். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

அன்றையிலிருந்து ஆரம்பித்தது கூத்து.

உப்பளக் காத்தும் கருவாட்டுத் தண்ணியும் சேர்ந்து தின்ற வண்டி அது. டிரைவர் சீட்டுக்குக் கீழே கால் வைத்தால் தெரு தெரிந்தது. ஒரு போல்ட்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும், மீதி உள்ளேயே குடியிருக்கும். ரேடியேட்டர் ஓஸை மாற்றினார், பக்கத்து ஓஸ் வெடித்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மாட்டின பிறகு தரையில் ஒரு வாஷர் கிடந்தது. அதை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்கெல்லாம் ஒரு மனுஷனுக்கு வாயில் என்ன வரும்? வரக்கூடாது. மாலை போட்டிருக்கிறவர் கெட்ட வார்த்தை பேசக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. எங்கள் செட்டில் அதில் ரொம்பக் கண்டிப்பு. காளி வேஷக்காரருக்கு இரண்டு மடங்கு கண்டிப்பு, ஒரு வார்த்தை தவறினாலும் கிரீடம் போய்விடும். ஒரு நாள் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி நாலும் உரிந்துவிட்டது. "தா..." என்று ஆரம்பித்தார். நான் கொடியில் போட்ட சேலையை அப்படியே பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சிமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சுடலைக்கண்ணன் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "...தாயே! முத்தாரம்மா!" என்று முடித்தார்.

"ஏலே கேப்டன், பக்தியப் பாத்தியா? ஸ்பேனர் வழுக்கினாக்கூட சாமி ஞாவகம்தான்."

வீட்டுக்குள்ளேயும் நிம்மதி இல்லை. மாலை போட்ட புருஷனை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். இந்துமதி கூப்பிடுவாள். "சாமி, கிரீஸ் கையோட நெலைக்கதவைத் தொட்டியன்னா கையை ஒடிச்சிருவேன் சாமி." "சாமி, வாசத் தெளிக்க இடம் இருக்கா? கோலத்தை என்ன ஒங்க பானட் மேலயா போட?" தெருவில் எனக்குத் தெரிந்து இவ்வளவு மரியாதையாக வசவு வாங்கின ஆள் கிடையாது.

இருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலையில் இன்ஜின் பிடித்துவிட்டது. கரும்புகை தெரு முழுக்க நிறைந்து, நான் துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் திரும்பவும் துவைக்கிற மாதிரி ஆனது. சுடலைக்கண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். பேச்சிமுத்து எழுந்து உள்ளே போய் விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாராம். அவர் மனைவி ஜெயபிரியா சொன்னது.

டேங்கில் மிச்சம் இருந்தது கொஞ்சம் டீசல்தான். வெள்ளோட்டம் போக நிரப்ப வேண்டும். அம்புரோஸ் வண்டியோடு சேர்த்து ஒரு டீசல் கேனும் கொடுத்திருந்தார். சுடலைக்கண்ணன் அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கருவாட்டு வாடை. மாலை போட்ட கையால் மீன் வாடை அடிக்கிற கேனைத் தொடுவதா? அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, கடையிலிருந்து சுத்தமான கேன் ஒன்று எடுத்து வந்தார். அதில் பங்க்கில் போய் டீசல் பிடித்து வந்து ஊற்றினார். சூடமும் காட்டினார்.

தெரு முனை தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கும், ஐந்து நிமிஷம் ஓடும், இருமும், நிற்கும். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று வீடியோக்காரன் சொன்னான். புது ஃபில்டர் மாட்டினார். ஐந்து நிமிஷம், இருமல், நின்றது. கழற்றிப் பார்த்தால் புது ஃபில்டர் பசை தடவின மாதிரி அடைத்திருந்தது. மறுபடி டீசல் கொண்டுவந்து ஊற்றினார், அதே கேனில். மறுபடி புது ஃபில்டர். புதன், வியாழன், வெள்ளி, இதே கதை. மூன்று ஃபில்டர் போனது. விரதத்தில் ஒரு நேரச் சாப்பாடு வேறு. கன்னம் உள்ளே போய்க் காளி வேஷத்துக்கு இப்போதுதான் பொருத்தமாக ஆகிக்கொண்டு வந்தார்.

பேச்சிமுத்துவோ புதன்கிழமையிலிருந்து ரொம்ப சந்தோஷமாக இருந்தார். சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். கேப்டனோடுகூட அதிகம் பேசவில்லை. எனக்கு அப்போதே ஒரு மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளத்துரை அண்ணாச்சி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் கிரீடப் பெட்டி. செட்டு ஆட்கள் பத்துப் பேர். தெரு முழுக்க ஏதோ வேலையாக வாசலில் நின்றது. சுடலைக்கண்ணன் நாலாவது ஃபில்டரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். பிடித்தது. நாலு வீடு தள்ளிப் போவதற்குள் இருமி நின்றது. பத்துப் பேரும் சேர்ந்து பழைய இடத்துக்குத் தள்ளிக் கொண்டுவந்தார்கள். அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வாசல்படியில் நின்ற இந்துமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வண்டியை எத்தனையோ திட்டினவள்தான். ஆனால் யாருக்காக நேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

மணி பதினொன்று இருபது. இன்னும் நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கிரீடம் பேச்சிமுத்து மடிக்கு வந்திருக்கும். முடியவில்லையே மனுஷனுக்கு. ஜெயித்தாயிற்று என்று நினைத்துவிட்டார். வாசலில் இருந்த டீசல் கேன் பக்கம் நாய் மோந்துகொண்டு போனது.

"ஏலே கேப்டன், அங்கன போகாதலே. எறும்பு கடிச்சிரும். டீசல் குடிக்க எறும்பு வார ஊரு இது ஒண்ணுதாம்லே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சுடலைக்கண்ணன் தலையைத் தூக்கினார். கேனைப் பார்த்தார். நானும் மாடியிலிருந்து பார்த்தேன். மூடி மரையைச் சுற்றி, வழிந்து காய்ந்த தடத்தோடு, சாரை சாரையாகச் சிவப்பு எறும்பு. நாலு நாளாக அது என் கண்ணிலும் பட்டதுதான். கருப்பட்டிக்காரர் வீட்டில் எறும்பு ஊராத இடம் எது என்று விட்டுவிட்டேன்.

அவர் இறங்கி வந்து விரலைக் கேனுக்குள் விட்டு அடியைத் தடவி எடுத்தார். டீசலைத் துடைத்துவிட்டு நாக்கில் வைத்தார்.

"பாகு" என்றார்.

கடையில் கருப்பட்டிப் பாகு ஊற்றி வைத்திருந்த கேன். கழுவினது மேலோடு. அடியில் உறைந்து கிடந்த பாகு கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்குள் போய், அங்கிருந்து ஃபில்டருக்குப் போய், விரதம் இருக்கிற வண்டிக்கு நாலு நாளாகப் பலகாரம் ஆகியிருக்கிறது. மீன் வாடை ஆகாது என்று சுத்தம் பார்த்த சுத்தம்!

"டேங்கை இறக்கிக் கழுவணும்" என்றார் சுடலைக்கண்ணன். "அரை நாள் ஆவும்."

வெள்ளத்துரை அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றி வைத்தார். எந்தப் பக்கம் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தாரோ அந்தப் பக்கம்.

அப்போதுதான் இந்துமதி படியிறங்கி வந்தாள். "சாமி, டேங்கு இல்லாம வண்டி ஓடாதா?"

"டீசல் எங்கயிருந்து வரும்?"

"நான் ஒன்பது நாள் சோறு தண்ணி இல்லாமத்தான் கெடந்தேன். உசிரோட வச்சிருக்கலயா? மேல ஒண்ணத் தொங்கவிட்டுக் கீழ குழாய் போட்டு ஏத்துனாங்கல்லா?"

சுடலைக்கண்ணன் அவளையே பார்த்தார். பிறகு பானட்டுக்குள் தலையை விட்டார்.

அவள் வீட்டிலிருந்து புதுத் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு டீசல் பிடிக்க ஸ்கூட்டியில் பறந்தாள். இவர் டேங்கிலிருந்து வருகிற ஓஸைக் கழற்றி எறிந்தார். தன் வீட்டு வாஷிங் மெஷின் ஓஸில் ஒரு முழம் அறுத்தார், அது சேரவில்லை. மீன் தொட்டிக்குக் காத்து விடுகிற குழாய் நாலு வீடு தள்ளி ஒருவரிடம் இருந்தது, அது இறுகப் பிடித்தது. இந்துமதி திரும்பி வரும்போது மணி பதினொன்று நாற்பத்தைந்து. ஐந்தாவது ஃபில்டரை மாட்டி, குழாயில் இருந்த காத்தை எடுத்து, கேனை எங்கே தொங்கவிடுவது என்று தேடினார்கள். மேலே கட்ட ஒன்றும் இல்லை. தொட்ட இடமெல்லாம் துரு உதிர்ந்தது.

"குடுங்க இங்கன" என்று இந்துமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறி நின்று, கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "எடுங்க சாமி வண்டிய!"

பிடித்தது. கறுப்பாகக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. தெரு முனை போனது, திரும்பியது, பின் தெரு வழியாகப் போனது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இருமுமா என்று எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இருமவில்லை. மறுமுனையில் வந்து எட்டிப் பார்த்தது. இந்துமதி இரண்டு கையும் தூக்கினபடி, முகமெல்லாம் புகையோடு நின்றுகொண்டு வந்தாள். வண்டி வாசலில் வந்து நின்றபோது பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம்.

"இது செல்லாது!"

பேச்சிமுத்து. நாயைப் பார்த்து இல்லை, நேராக. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"வண்டி ஓடணும்னுதான் பேச்சு, வெள்ளத்துரை. ஆஸ்பத்திரிக் கேஸைச் சுத்திக் காமிக்கணும்னு இல்ல. குலசை வரைக்கும் இந்தப் பிள்ள கேனைத் தூக்கிக்கிட்டே நிக்குமா? என்ன சாமி இது, ஏமாத்துச் சாமியா இருக்கியரு?"

"யாரைச் சாமி ஏமாத்துச் சாமிங்கியரு?" என்று சுடலைக்கண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார்.

"ஒம்மத்தான் சாமி."

"பாத்துப் பேசும் சாமி."

வெள்ளத்துரை அண்ணாச்சி மோவாயைத் தடவினார். "பேச்சிமுத்துச் சாமி சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்கு பாத்துக்கிடுங்க" என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்." இந்துமதி கேனை இன்னும் இறக்கவில்லை. வண்டி மேலிருந்தே கேட்டாள். "பேச்சிமுத்துச் சாமி, கேன்ல எறும்பு ஏறுனது ஒங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

பேச்சிமுத்து தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"மாலை போட்ட கழுத்து. பொய் வரப்படாது. சொல்லுங்க."

பேச்சிமுத்து கேப்டனைப் பார்த்தார்.

"நாயைப் பாக்காதிய. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெயபிரியா மிக்சியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"புதன்கிழமை" என்றார் பேச்சிமுத்து.

"காலையிலயா, சாயங்காலமா?"

"...காலையில. வெள்ளன."

"வண்டி ஏன் நிக்குதுன்னும் அப்பமே தெரிஞ்சிருச்சா?"

"முப்பது வருஷம் டீசல்ல கை நனைச்சவன் நான். தெரியாம?" அதைச் சொல்லும்போதும் கொஞ்சம் பெருமைதான். பிறகு குரலை உயர்த்தினார். "இந்தச் சாமி வந்து கேட்டாரா? ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன். கேட்டாத்தான பொய் சொல்லப்படாது? கேக்காதவனுக்குச் சொல்லணும்னு எந்த விரதத்துல இருக்கு?"

சுடலைக்கண்ணன் கேட்கவில்லை என்பதும் உண்மை. கழுத்தை அறுத்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை. ஆனால் ஜெயபிரியா தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "ஆஸ்பத்திரியில கெடந்த பிள்ளைக்கு நேர்ந்தது. அதைப்போயி உக்காந்து சிரிச்சிக்கிட்டா பாத்திய, சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மிக்சி தேவைக்கு மேல் சத்தமாக ஓடியது.

வெள்ளத்துரை அண்ணாச்சி எழுந்தார். கிரீடப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சுடலைக்கண்ணன் கையில் வைத்தார்.

"வண்டி சுத்தி வந்துட்டு, மணி பன்னெண்டு ஆவல. காளி சுடலைச் சாமிதான். புதனுக்குள்ள டேங்கைக் கழுவி மாட்டிரும். அந்தக் கேனை மட்டும் கண்ணுல காட்டாதியும்."

சுடலைக்கண்ணன் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்துமதி அப்போதுதான் கையை இறக்கினாள். அவர் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். சுவரோரம் போய்ப் பேச்சிமுத்துவுக்கு நேர் எதிரே நின்றார். நாலு நாள், ஐந்து ஃபில்டர், உரிந்த முட்டி, எல்லாம் சேர்ந்து தொண்டையில் ஏறி நின்றது அப்படியே தெரிந்தது. வாய் திறந்தது.

"தா..."

தெருவே மூச்சைப் பிடித்தது. பேச்சிமுத்து முகம் விரிந்தது. சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், கிரீடம் இந்தப் பக்கம்.

சுடலைக்கண்ணன் வாயை மூடினார். எச்சில் விழுங்கினார். திரும்பாமலேயே கேட்டார்.

"அண்ணாச்சி, காப்பை அறுத்து மாலையக் கழட்டுதது என்னைக்கு?"

"பதினோராம் நாள்."

"சரி." பேச்சிமுத்துவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "பன்னெண்டாம் நாள் காலையில ஏழு மணிக்கு ஒம்ம வாசல்ல வந்து நிப்பேன் சாமி. நாப்பது நாளா சேத்து வச்சிருக்கேன். ஒண்ணு விடாம வாங்கிக்கிடும்."

பேச்சிமுத்துவும் கை கூப்பினார். "ஆறு மணிக்கே வாரும் சாமி. எனக்கு ரெண்டு வருஷத்து பாக்கி இருக்கு."

இப்போது தெருவில் தசராவை விட அதற்கு மறுநாளுக்கு மறுநாளைத்தான் ஜனங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முனை வீட்டு அருணாசலவடிவு அன்றைக்கு விடிவதற்கு முன்பே எங்கள் மாடிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் சத்தம் மட்டும்தான் கேட்குமாம், முகம் தெரியாதாம்.